இருமினால் கசிகிறதா?

தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிலருக்குக் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் அப்படித்தான். நிறையப் பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திக்கொள்வார்கள். டாக்டரிடம் போக மாட்டார்கள். "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம். அப்படி இருக்க வேண்டியதில்லை.

இடுப்புக்கு அடியில் தூளி கட்டினது போலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பையைத் தாங்குவது அந்தத் தசைகள்தான். பிரசவத்தில் அவை தளர்ந்துபோகலாம். தளர்ந்த தசையை மறுபடி பலப்படுத்த முடியும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் அதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் இந்தக் கசிவுக்கு முதலில் சொல்வது அதைத்தான்.

செய்வது சுலபம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை உள்ளே இழுங்கள். ஐந்து விநாடி பிடியுங்கள். விடுங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம். வயிற்றை எக்க வேண்டாம். இப்படிப் பத்து முறை. காலை, மதியம், இரவு. பஸ்ஸில் உட்கார்ந்தும் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திச் செய்யாதீர்கள்.

ஒரு வாரத்தில் பலன் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து கசிவு உள்ள ஆண்களுக்கும் இதே பயிற்சிதான்.

கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். காபியைக் குறையுங்கள். எரிச்சலோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.