முதலில் கடல், பிறகு கமெரா



வழக்கமாக வரிக் கணக்கு பற்றிப் பேசுகிற நான் இன்று கடலுக்கடியில் படம் எடுப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் பிறந்தது பருத்தித்துறையில். படுத்தால் அலைச்சத்தம் கேட்கும். ஆனாலும் கடலில் இறங்க அம்மா விட்டதில்லை. பிறகு யுத்தம் வந்தது. கடல் என்றாலே பயம் என்றாயிற்று. சிட்னியில் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் சுழியோடும் பயிற்சிக்குப் பணம் கட்டித் தந்த பிறகுதான் தண்ணீருக்குள் தலையை விட்டேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

ஆசையோடு கமெராவும் வாங்கினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

போட்டனி விரிகுடாவில், கேர்னல் கரையோரம், வீடி சீ டிராகன் என்றொரு மீன் இருக்கிறது. கடற்குதிரையின் உறவு. அவுஸ்திரேலியாவின் தென்பகுதிக் கடல்களில் மட்டுமே வாழ்வது. முட்டைகளை வாலின் அடியில் சுமப்பது ஆண்தான். அப்படிச் சுமந்துகொண்டு போன ஒன்றை ஒருநாள் கண்டேன். படம் எடுக்கும் அவசரத்தில் அதன் பின்னாலேயே போனேன். மகள் தோளில் தட்டி என் காற்றுமானியைக் காட்டினாள். 30 பார்! 50 இருக்கும்போதே கரைக்கு வந்திருக்க வேண்டும். ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிற நான் என் மூச்சின் கணக்கைப் பார்க்கவில்லை.

படங்களும் சரிவரவில்லை. எல்லாமே மங்கிய நீலம். என் கால் துடுப்பு கிளப்பிய மணல் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருந்தது. "அப்பா, முதலில் மிதக்கப் பழகுங்கோ" என்றாள் மகள். கமெரா ஆறு மாதம் அலுமாரிக்குள் போனது.

அந்த நாட்களில் ரொன், வலரி டெய்லர் தம்பதியைப் பற்றி வாசித்தேன். இந்நாட்டில் கடலடிப் படக்கலையின் முன்னோடிகள் அவர்கள். இருவரும் முதலில் ஈட்டியால் மீன் குத்தியவர்கள். 1965இல் தாஹிட்டியில் நடந்த உலகப் போட்டியில் ரொன் வெற்றி பெற்றார். பின்னர் கொல்வதை விட்டுக் கமெராவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1975இல் வந்த 'ஜோஸ்' படத்துக்கு உயிருள்ள வெள்ளைச் சுறாக்களைப் படம்பிடித்ததும் இவர்களே. அப்படத்தால் சுறா மீது பயம் பரவியபோது சுறாக்களுக்காகப் பேசியதும் இவர்களே. பார்வைக்குப் பயங்கரமான, ஆனால் சாதுவான கிரே நேர்ஸ் சுறாவை அக்காலச் சுழியோடிகள் ஏராளமாகக் கொன்றார்கள். அதைக் காக்கக் குரல் கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு. 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு அதற்குப் பாதுகாப்பு அளித்தது.

கமெரா கைக்கு வருமுன்பே கடலும் மீனின் குணமும் அவர்களுக்குப் பழக்கம். அது ஏன் அவசியம் என்று பிறகுதான் விளங்கியது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீற்றர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். பிளாஷ் வெளிச்சம் நிறத்தைத் திரும்பத் தரும். ஆனால் கிட்டப் போனால்தான். கிட்டப் போக மீன் விடவேண்டும். மணலைக் கிளப்பாமல், துரத்தாமல், ஆறுதலாக மூச்சுவிட்டு ஓரிடத்தில் மிதக்கத் தெரிந்தவரைத்தான் மீன் விடும். ஆகவே நல்ல படத்தின் முக்கால்வாசி, நல்ல சுழியோட்டம்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். ஒரு சீ டிராகனை மூன்றே படம் எடுத்தேன். ஒன்று சரிவந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். மீனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேத்தி எல்லாம் சொல்லியிருக்கிறாள் போலும்.

"காத்து மிச்சம் இருந்ததோ?" என்றார்.

"90 பார் அம்மா" என்றேன்.