மூணு சீட்டிலும் ஒரே விலையா?

(ஊரூர் ஆல்காட் குப்பம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)

மீனவச் சொந்தங்களே, விவசாயத் தோழர்களே! மீன் ஏலத்தில் நாலு பேர் போட்டி போட்டுக் கேட்டாத்தான் விலை ஏறும். கேட்கிறவங்க முன்னாடியே கூடிப் பேசிட்டா அது ஏலமா?

அரசாங்கத்துக்கே இது நடந்தது. தானிய மூட்டையில் வண்டு விழாமல் வைக்கிற மாத்திரைக்கு 2009 மே மாதம் இந்திய உணவுக் கழகம் டெண்டர் விட்டது. மூணு கம்பெனி எழுதிய விலை: கிலோ 388 ரூபாய். பைசா வித்தியாசம் இல்லை! போட்டி ஆணையம் 2012-ல் அபராதம் போட்டது. தொகை அப்பீலில் குறைந்தது. ஆனால் கூட்டுச் சேர்ந்தது தப்புதான் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நம்ம விற்பனைக்கூடத்தில் பருத்திக்கு வியாபாரிகள் போடும் சீட்டெல்லாம் அஞ்சு பத்து வித்தியாசத்தில் நின்றால் யார் கேட்பது? விலை கட்டலைன்னா விற்க மறுக்கலாமாம். சரி, திருப்பி ஏற்றிப்போக வண்டி வாடகை யார் தருவது?

பெட்டியை விவசாயி முன்னால் திற! ஒவ்வொரு சீட்டையும் சத்தமாகப் படி! வெளியூர் வியாபாரியையும் ஏலத்துக்குக் கூப்பிடு!