விலை எதை அறிந்திருக்கிறது?

 

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில் ஓர் அணி வெல்லும் என்ற ஒப்பந்தம் முன்கணிப்புச் சந்தை ஒன்றில் 62 சென்ட்டுக்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வென்றால் வாங்கியவருக்கு ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் நிற்பவர் 38 சென்ட் போட்டிருக்கிறார். இந்த 62-ஐ அப்படியே 62 விழுக்காடு வாய்ப்பு என்று படிப்பது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. அயோவா பல்கலைக்கழகம் 1988இல் தேர்தலுக்காகத் தொடங்கிய ஆய்வுச் சந்தை ஊட்டிய நம்பிக்கை அது.

நடுத்தர விலைகளில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் செல்லும். ஓரங்களில்தான் சிக்கல். 2018 மார்ச்சில், கல்லூரிக் கூடைப்பந்துத் தேசியத் தொடரின் ஆண்கள் பிரிவில் 16ஆம் தரவரிசை அணிகள் முதல் தரவரிசை அணிகளிடம் அதுவரை 135 முறை மோதி, 135 முறையும் தோற்றிருந்தன. அடுத்த மோதலில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி அணி, வர்ஜீனியாவை 74–54 என்று வீழ்த்தியது. அந்த அணிக்கு முந்தைய நாள் என்ன விலை நியாயம்? ஒரு சென்ட்டே அடிமட்ட விலையாக இருக்கும் சந்தையில் அரை விழுக்காடு வாய்ப்பை எழுத இடமே இல்லை.

விலையிலிருந்து மனிதர்களை எடைபோடும்போது இன்னும் கவனம் வேண்டும். மிகப் பலமான அணிகள் வென்றாலும், பந்தய நிறுவனங்கள் முன்கூட்டி நிர்ணயித்த புள்ளி வித்தியாசத்தை எட்டாமல் போவது சற்று மிகுதி என்று 2006இல் பொருளியலாளர் ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் காட்டினார். வீரர்கள் காசுக்காக வித்தியாசத்தைக் குறைக்கிறார்களோ என்ற ஐயத்தையும் எழுப்பினார். 1951இல் நியூயார்க்கில் வெடித்த அத்தகைய கூடைப்பந்து ஊழலை அறிந்தவர்களுக்கு அந்த ஐயம் புதிதல்ல. ஆனால் அப்படிச் செய்ய ஆதாயம் குறைவான ஆட்டங்களிலும் அதே போக்கு தென்படுகிறது என்று 2010இல் ஆய்வாளர்கள் பெர்ன்ஹார்ட்டும் ஹெஸ்டனும் எடுத்துக்காட்டினார்கள். முன்னிலை பெற்ற அணி வேகத்தைத் தணித்து ஆடினாலே எண்கள் அப்படி அமைந்துவிடலாம். ஒரு தலைமுறை மாணவர்கள்மீது பழி விழுந்திருக்கக்கூடிய இடம் அது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. சந்தை துல்லியமாவது செய்தியை உள்வாங்கித்தான். கல்லூரி ஆட்டத்தில் அந்தச் செய்தி பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் முழங்கால். அது வீங்கியிருப்பதை முதலில் அறிபவர்கள் அறைத்தோழனும் அணியின் பிசியோதெரபிஸ்ட்டும்தான். யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை அமெரிக்கக் கால்பந்துக்குப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென் 2023இல்தான் கட்டாயமாக்கியது, எஸ்இசி கூட்டமைப்பு 2024இல். அறிக்கைக்கு முன்பே 62 சென்ட் 48 ஆகிவிட்டால், சந்தையின் அறிவுக்கூர்மை என்று நாம் பாராட்டுவது அந்தப் பிள்ளையிடமிருந்து கசிந்த செய்தியாக இருக்கலாம். அதைக் கறக்க அவனை நச்சரிப்பவர்களும் இருப்பார்கள்.

ஆகவே இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை நகர்ந்த நேரத்தையும் அறிக்கை வெளியான நேரத்தையும் ஒரே அட்டவணையில் அருகருகே காட்டுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.