நல்லாயிட்டேன், இனி எதுக்கு மாத்திரை?



மனநலப் பிரிவில் மருந்து வாங்கும் குடும்பங்களில் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். "இப்போ நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு மாத்திரை?" நியாயமான கேள்விதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போறோம்.

மனச்சிதைவு, பைபோலார் போன்ற பிரச்சினைகளுக்கு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால், குளோசபின் போன்ற மருந்துகளை டாக்டர் தருகிறார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தை இவை மட்டுப்படுத்துகின்றன. பதற்றமும் தூக்கமின்மையும் சில நாட்களில் அடங்கலாம். ஆனால் காதில் கேட்கும் குரலும், காரணமில்லாத சந்தேகமும் குறைய பல வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டும் ஒண்ணும் தெரியலையே" என்று விட்டுடாதீங்க.

நிறுத்தும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான். இன்றைக்கு மாத்திரையை விட்டால் பெரும்பாலும் நாளைக்கே நோய் திரும்பாது. சில வாரம், சில மாதம்கூட நல்லாவே போகலாம். "மருந்து இல்லாமலே சமாளிச்சிட்டோம்" என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுவார்கள். அப்புறம் தூக்கம் கெடும், தனியாகப் பேசுவது தொடங்கும். அப்போது மாத்திரையை விட்டது யாருக்கும் ஞாபகம் வராது. வேலை டென்ஷன், கண் திருஷ்டி என்று வேறு காரணம் தேடுவோம். நோய் திரும்பும் ஒவ்வொரு முறையும் படிப்போ வேலையோ அடிபடுகிறது.

ஆக, நீங்க நல்லா இருப்பதே மருந்து வேலை செய்வதால் இருக்கலாம். எவ்வளவு காலம் சாப்பிடணும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைக்கணும்னு நினைப்பது தப்பில்லை. அதை டாக்டரிடம் சொல்லுங்க, படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

பலர் மாத்திரையை விடுவதற்குப் பக்கவிளைவும் ஒரு காரணம். தூக்கக் கலக்கம், எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, மாதவிடாய் தள்ளிப்போவது, தாம்பத்தியத்தில் சிக்கல். இதெல்லாம் கற்பனை இல்லை. வெட்கப்படாமல் சொன்னால் நேரத்தை மாற்றலாம், டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளை எப்போது செய்யணும் என்றும் கேளுங்க.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, குழப்பமாகப் பேசினாலோ, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகிக்கொண்டாலோ உடனே 108. குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யணும். இந்த மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம். கடுமையான மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீங்க.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. குளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்காமல் டாக்டரைக் கேளுங்க. மது வேண்டாம். பீடி, சிகரெட்டை விடப் போறீங்களா? நல்ல முடிவு. ஆனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்க. புகையை நிறுத்தினால் ஒலான்சபின், குளோசபின் அளவு ரத்தத்தில் கூடும். கோடையில் உடல் சூடு சீக்கிரம் ஏறலாம், தண்ணீர் நிறைய குடிங்க, உச்சி வெயிலைத் தவிருங்க. கர்ப்பம் என்று தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்க.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டில் மாத்திரையை ஒளித்துக் கொடுக்காதீங்க. தெரிந்துபோனால் சாப்பாட்டின் மேலும் உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். தினமும் மாத்திரை கஷ்டம் என்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அவரையே கூட்டிப்போய், அவர் முன்னாலேயே கேளுங்க.

கையில் இருக்கும் போனையும் பயன்படுத்துங்க. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வையுங்க. மாத்திரை நேரத்துக்கு அலாரம், தீர்வதற்கு ஐந்து நாள் முன்னால் இன்னொரு அலாரம். வேறு நோய்க்கு எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் படத்தைக் காட்டுங்க.

மனநல சிகிச்சை பெறுவது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் உரிமை. விவரங்களை ரகசியமாக வைக்கவும் அதில் இடமுண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். சந்தேகம் வந்தால் டெலி மனஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 104-லும் கேட்கலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா என்ற எண்ணம் வருகிற அன்றைக்கே ஒரு போன் போடுங்க. நிறுத்தினதுக்கு அப்புறம் இல்லை, அதுக்கு முன்னாடி.