மூலைக் கடையும் சனிக்கிழமைக் கூலியும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியைப் பற்றிப் பேச்சு என்றதும் பின்வரிசையில் நாலு தோழர்கள் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். உட்காருங்கள். குடிக்காதே என்று சொல்வதற்காக இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. நாங்கள் பேச வந்தது கடையைப் பற்றி. நம் குடியிருப்பு மூலையில் நிற்கும் அந்தக் கடை எப்படி வந்தது, குடியைத் தவிர அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

பெங்களூரைப் ‘பப் நகரம்’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் புகழ்கின்றன. அவர்கள் கணக்கில் வரலாறு 1986ல் சர்ச் தெருவில் தொடங்குகிறது. லண்டன் பாணியில் அங்கே ஒரு பப் திறந்தார்கள். 1989ல் ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் பீகாஸ் வந்தது. பிறகு தெருவுக்கொன்று ஆயிற்று. நம்மவர்களும் அங்கே போவதுண்டு: கோப்பை கழுவவும், வாசலில் காவல் நிற்கவும்.

நம் கணக்கு அதைவிடப் பழையது. 1809ல் வெள்ளையன் அல்சூர்ப் பக்கம் பட்டாளத்தை இறக்கினான். பட்டாளத்தின் பின்னால் சிப்பாயாக, சமையல்காரனாக, மூட்டை தூக்குகிறவனாக நம் முன்னோர் வந்தார்கள். பட்டாளத்துக்கு பீர் வேண்டும். பெரிய பீப்பாய்களில் மாட்டு வண்டியேறி அது போனது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து மது ஆலைகளைச் சேர்த்து 1915ல் யுனைடெட் புருவரீஸ் கம்பெனியை உண்டாக்கினார். 1947ல் அது விட்டல் மல்லையா கைக்கு வரத் தொடங்கியது. பழைய ஆலை இருந்த மண்ணில் இன்று யு.பி. சிட்டி மாளிகை நிற்கிறது. அந்த மாளிகைக்குக் கலவை சுமந்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துரைக்கு பீர் என்றால் கூலிக்காரனுக்குச் சாராயமும் கள்ளும். சாராயக் கடையை அரசு ஏலம் விட்டது. ஆப்காரிக் குத்தகை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதிகம் கேட்டவனுக்குக் கடை. போட்ட பணத்தை அவன் எடுக்க வேண்டாமா? கூலிக்காரன் எங்கே இருக்கிறானோ அங்கே கடையைக் கொண்டுவந்து வைத்தான். மில் வாசல், மார்க்கெட், குடிசைப் பகுதி. கடை நம்மைத் தேடி வந்தது, தோழர்களே. நாம் அதைத் தேடிப் போனதாக ஊர் பேசுகிறது.

1981 ஜூலையில் மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து இந்த நகரத்தில் 300 பேருக்கு மேல் செத்தார்கள். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயத்துக்கே தடை வந்தது. தாய்மார்கள் மகிழ்ந்தீர்கள், நாங்களும் மகிழ்ந்தோம். பத்தே மாதம். 2008 மே மாதத்தில் கர்நாடகம், தமிழகம் இரண்டு பக்கமும் கள்ளச்சாராயத்தில் 150 பேருக்கு மேல் மாண்டார்கள். தடைக்கு முன்னால் செத்தவனும் கூலிக்காரன், பின்னால் செத்தவனும் கூலிக்காரன். மிஞ்சியவர்கள் ஒயின் ஷாப்புக்கு மாறினார்கள். சாராயப் பாக்கெட் போய் அட்டைப் பெட்டியில் 90 மில்லி வந்தது, விலைதான் ஏறியது. 2023 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் அந்தச் சரக்கின் மேல் கூடுதல் ஆயத்தீர்வையை 20 விழுக்காடு ஏற்றினார்கள். அரசாங்கத்தை நடத்துகிறவர்களில் நாமும் ஒருவர் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

சரி, கடைக்குள் போவோம். நாற்காலி கிடையாது. மார்பளவு உயரத்தில் ஒரு கடப்பைக் கல், அதன்மேல் அவித்த முட்டை, சுண்டல், ஊறுகாய். நின்றபடி பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தச் சைட்டில் சென்ட்ரிங் ஆள் வேண்டும், எந்த மேஸ்திரி கூலியை நிறுத்தி வைக்கிறான், எங்கே வாடகை குறைவு என்ற சேதியெல்லாம் கிடைத்துவிடும். திருவண்ணாமலையிலிருந்து பஸ் இறங்கிய பையனுக்கு முதல் கன்னட வார்த்தையைக் கற்றுக் கொடுத்ததும் பெரும்பாலும் அந்தக் கல்தான். ராய்ச்சூர்க்காரனும் நம்மவனும் தோளுரசி நிற்கிற இடம். பத்துக்குப் பத்துத் தகர வீட்டில் ஆறு பேர் படுக்கிறபோது ஆண்பிள்ளை சாயங்காலம் எங்கே போய் நிற்பான்? வாசகசாலை உண்டா, பூங்கா உண்டா? இதை மறந்து குடிகாரன் என்று திட்டுவதில் பயனில்லை.

ஆனால் அந்தக் கல்லின் மேலேயே கூலியும் எண்ணப்படுகிறதே, அதுதான் நாங்கள் சொல்ல வந்த விஷயம். சனிக்கிழமை மாலை மேஸ்திரி பத்து ஆளையும் கடைக்கு வரச் சொல்கிறான். சில்லறை இல்லை, கடையில்தான் மாற்ற வேண்டும் என்கிறான். இப்போது போனில் பணம் வருகிறது. அதிலும் ஒருவன் கணக்குக்கு மொத்தமாக அனுப்பி, கடையில் பிரித்துக்கொள்ளச் சொல்கிறான். வாரக் கடனைக் கடைக்காரன் முதலில் எடுத்துக்கொள்கிறான். எதிர்ப்புறம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே கடை எதிரில், பதினொரு பேர். அவர்களில் மூவர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த கேடு அல்ல. லண்டனில் தேம்ஸ் நதிக் கப்பல்களில் நிலக்கரி இறக்கியவர்களுக்கு வேலை கொடுத்தவனே மதுக்கடைக்காரன்தான். அவன் கடையில் குடித்தவனுக்கே மறுநாள் வேலை. 1843ல் சட்டம் போட்டு, ஆள் எடுக்கத் தனி அலுவலகம் வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு மதுக்கடையில் கூலி கொடுக்கக்கூடாது என்று 1842லேயே விதித்திருந்தார்கள். 1883ல் அதை மற்ற உடலுழைப்பாளிகளுக்கும் விரித்தார்கள். நம் ஊருக்கு பீப்பாயைக் கொண்டுவந்த வெள்ளையன் அந்தச் சட்டத்தை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டான்! சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 1949ல் தன் 95ஆவது உடன்படிக்கையில் இதையே சொன்னது.

இங்கே 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் 1971 மத்திய விதிகளும் கூலியை வேலை நடக்கும் இடத்தில், வேலை நேரத்தில், கம்பெனியின் ஆள் ஒருவர் முன்னிலையில் கொடுக்கச் சொல்லின. 20 ஆள் இருந்தால் போதும், அந்தச் சட்டம் பொருந்தும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அந்த வரம்பை 50 ஆக்கிவிட்டது. நம் மேஸ்திரிகளில் 50 ஆள் வைத்திருப்பவன் எத்தனை பேர்?

ஆகவே சட்டம் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வருகிற சனிக்கிழமை முதல் சங்கத் தோழர்கள் இருவர் இருவராக, மாலை 5 மணிக்குச் சைட்டுக்கே வருவார்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகச் சில்லறையைச் சங்கமே கொண்டுவரும். கூலியைச் சைட்டில் எண்ணி வாங்குவோம். போனில் வருகிற கூலி அவரவர் கணக்குக்கே வர வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்போம், தனியாக அல்ல, பத்து பேரும் சேர்ந்து. அதற்கப்புறம் யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று நாங்கள் பார்க்கப் போவதில்லை. எந்தச் சைட், எந்த மேஸ்திரி என்ற விவரத்தைக் கூட்டம் கலையுமுன் வாசலில் நிற்கும் தோழரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தாய்மார்களும் கொடுக்கலாம்.