பெண்கள் உடல்நலமும் வீட்டு உறவும்: ஆண்டு விழாவில் பேசியது



எனக்குக் கொடுத்த தலைப்பு ரொம்பப் பெரிசு. உடல்நலம், மனநலம், குடும்ப உறவு எல்லாம் அதுல இருக்கு. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. டாக்டர் மாதிரி பேச எனக்கு வராது. அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். நம்ம ரத்தம்.

முதல்ல ஒரு கேள்வி. போன ஒரு வருஷத்துல பிபி, சுகர் பார்த்தவங்க கை தூக்குங்க. நிறையப் பேர் தூக்குறீங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல ஆரம்பிச்ச பிறகு வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறாங்க, அதுல வேலை செய்யிற தங்கச்சிகளும் நம்ம குழுக்கள்லேர்ந்து போனவங்கதான். சரி, ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு பார்த்தவங்க கை தூக்குங்க. பாருங்க, கர்ப்பமா இருந்தவங்க மட்டும்தான் தூக்குறீங்க. புள்ளை வயித்துல இருந்தா ரத்தம் பார்க்கிறோம். புள்ளை பிறந்த பிறகு நம்மளை யாரும் பார்க்கிறதில்ல, நாமும் கேட்கிறதில்ல.

2019-லிருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல 15 வயசிலிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. நூறு பேர் உட்கார்ந்திருந்தா அதுல பாதிக்கு மேல. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் இருக்கணும், கர்ப்பிணிக்கு 11. எட்டுக்குக் கீழே போனா அது ரொம்பக் கடுமைன்னு அர்த்தம். நம்ம மலைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரியும் குன்னூரும் அதைவிடக் கொஞ்சம் கீழே. உயரம் கூடக்கூட மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன் குறையும். அதனால மலையில இருக்கிறவங்க ரத்தம் சமவெளியில இருக்கிறவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாவே இருக்கணும். உலக சுகாதார நிறுவனமும் உயரமான ஊருக்கு அளவை அப்படித்தான் சரிபண்ணிப் பார்க்கச் சொல்லுது. அப்போ சரியா 12 இருந்தாலும் நாம நிம்மதியா உட்கார்ந்திட முடியாது.

இதுக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சொல்றேன். எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. பேரு வேண்டாம், அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன். சொந்தத் தோட்டம் அரை ஏக்கர், மீதி நாள் வெளியில கொழுந்து பறிக்கப் போவாங்க. ஒரு வருஷமா ஆளே மாறிட்டாங்க. எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழுவாங்க. புள்ளைங்க பக்கத்துல போகவே பயப்படும். "வேலைக்குப் போறா, வந்தா படுத்துக்கிறா, சமையல்ல உப்பு இருக்கா இல்லையான்னுகூடப் பார்க்கிறதில்ல"ன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் வீட்டுல பேச்சையே நிறுத்திட்டார். குழுக் கூட்டத்துக்கு மூணு வாரம் வரலை, அபராதம் போடணும்னு பேச்சு வந்துச்சு.

ஒருநாள் தோட்டத்துப் படியில ஏறும்போது நாலு படிக்கு ஒரு தடவை நின்னாங்க. இலைச் சாக்கை இறக்கி வைச்சுட்டு மடியிலேர்ந்து எதையோ எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. பார்த்தா பச்சரிசி. வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாங்க, "தெனம் ஒரு பிடி தின்னாத்தான் எனக்கு ஆகுது"ன்னு. சாம்பல், மண்ணு, சாக்பீஸ், பச்சரிசி இதெல்லாம் தின்னணும்னு ஆசை வந்தா அது ரத்தம் குறைஞ்சதோட அடையாளமா இருக்கலாம்னு அங்கன்வாடியில நடந்த ஒரு கூட்டத்துல நர்ஸம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு. மறுநாளே கூட்டிட்டுப் போனோம். ஏழுக்கும் கீழே இருந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, "இந்த ரத்தத்தோட எப்படிம்மா மலை ஏறி இலை பறிச்சே?"ன்னு கேட்டார். ஸ்கேன் எடுத்ததுல கர்ப்பப்பையில கட்டி. மாசாமாசம் ஒன்பது நாள், பத்து நாள் போயிருக்கு. "எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்"னு அந்த அக்கா சொன்னாங்க.

பெரியாஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தி, கட்டிக்கு வைத்தியம் பார்த்து, நாலஞ்சு மாசம் மாத்திரை சாப்பிட்டு இப்போ நல்லா இருக்காங்க. இங்கதான் மூணாவது வரிசையில சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, யாருன்னு தேடாதீங்க. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல அவங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் எனக்கு மறக்கலை. "என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு நெனச்சுட்டு இருந்தேன்"னார். ஒரு வருஷம் அந்த வீட்டுல யாரும் யாரையும் வெறுக்கலை. ஒருத்தியோட உடம்புல ரத்தம் இல்லை, அவ்வளவுதான். மாமியார் இன்னும் முழுசா மாறலை, அதையும் சொல்லிடறேன். ஆனா இப்போ ராத்திரிச் சோத்துல மருமகளுக்குன்னு ஒரு கரண்டிக் குழம்பு தனியா எடுத்து வைக்கிறாங்களாம்.

அந்த ஒரு கரண்டிதான் நான் பேச வந்தது. நம்ம வீட்டுல முதல்ல ஆம்பளைங்க, பிறகு புள்ளைங்க, பிறகு பெரியவங்க. கடைசியில சட்டியில ஒட்டினது நமக்கு. கறி எடுத்தா ஈரலும் சதையும் அவங்க தட்டுக்கு, குழம்புத் தண்ணி நம்ம தட்டுக்கு. யாரும் நம்மளைக் கடைசியா சாப்பிடுன்னு கட்டாயப்படுத்தலை, அது பழக்கமாப் போச்சு. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற வீட்டுல பங்கு தானா சமமாயிடும். எங்க வீட்டுல ராத்திரிச் சாப்பாடு அப்படித்தான். ஆரம்பத்துல எங்க மாமனார் தட்டைத் தூக்கிக்கிட்டு டிவி பக்கம் போயிடுவார். இப்போ என் பையன், "தாத்தா வராம ஆரம்பிக்கக் கூடாது"ன்னு போய்க் கூட்டிட்டு வர்றான்.

அடுத்தது டீ. இதைச் சொன்னா நீங்க என்னை அடிக்க வருவீங்க, நம்ம பொழப்பே டீ. எங்க பாட்டி கண்டிப் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவங்க. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகள்ல கப்பல் ஏறி வந்து இந்த மலையில மறுபடியும் கொழுந்து பறிச்சவங்க. அவங்களுக்குச் சாயத்தண்ணி இல்லாமச் சோறு இறங்காது. ரொட்டிக்கு ஒரு டம்ளர், மத்தியானச் சோத்துக்கு ஒரு டம்ளர். நாமும் அப்படித்தான். குளிருக்கு இதமா இருக்கு, பசியையும் அடக்குது. ஆனா டீயில இருக்கிற துவர்ப்புச் சத்து, கீரை, பயறு, ராகியில இருக்கிற இரும்பைப் பிடிச்சுக்கிட்டு உடம்புக்குள்ள போகவிடாது. சாப்பாட்டோடயே டீ குடிச்சா அந்த இரும்புல பாதிக்கு மேல வீணாப் போயிடுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. பால் ஊத்தினாலும் சரி, வர டீயா குடிச்சாலும் சரி. டீயை விடச் சொல்லலை. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க, அது போதும். தோட்டத்துல பத்து மணிக்குக் குடிக்கிற டீயால ஒரு கெடுதலும் இல்லை, அதோட ராகிக்களி உருண்டையைச் சேர்க்காதீங்க.

டீ கெடுக்கிறதை எலுமிச்சை சரிபண்ணும். கீரைப் பொரியல்ல அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சா, சாப்பிட்ட பிறகு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கடிச்சா, இரும்பு நல்லா ஏறும். நம்ம குளிருக்கு முருங்கை சரியா வராது, சந்தையிலதான் வாங்கணும். ஆனா ராகியும் அவரையும் மொச்சையும் கொள்ளும் நம்ம பக்கத்துச் சாப்பாடுதானே. படகர் வீட்டுப் பாட்டிமார் இன்னிக்கும் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுட்டுத் தெம்பா நடக்கிறாங்க. நாமதான் ரேஷன் அரிசியும் ரசமும்னு சுருக்கிட்டோம். 2023 செப்டம்பர்லேர்ந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருது. வர்றவங்க அது எங்கெங்க போகுதுன்னு ஒருநாள் நோட்டுல எழுதிப் பாருங்க. சிலிண்டர், புள்ளை டியூஷன், மளிகைக் கடை பாக்கி எல்லாம் இருக்கும். உங்க உடம்புக்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. வாரத்துக்கு நாலு முட்டைக்கு அதுல இடம் இருக்கு.

சாப்பாடு மட்டும் போதாதவங்களுக்கு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். இதைப் பத்தி நம்ம ஊர்ல நிறையப் பேச்சு இருக்கு. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க, அது மாத்திரையோட நிறம். மலச்சிக்கலும் குமட்டலும் சிலருக்கு வரும், வந்தா நர்ஸம்மாகிட்ட சொல்லுங்க, தூக்கி எறியாதீங்க. டீயோட, பாலோட, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க. நம்ம மாவட்டத்துப் பழங்குடிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை தனியா சொல்லணும். சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ஒரு ரத்த நோய் சில குடும்பங்கள்ல இருக்கு. அதுலயும் ரத்தம் குறையும், ஆனா இரும்பு மாத்திரை அதுக்கு மருந்தாகாது. அதுக்குத் தனிப் பரிசோதனை இருக்கு, கேட்டு எடுத்துக்கங்க. மாசப் போக்கு ஏழு நாளைத் தாண்டினா, கட்டி கட்டியா வந்தா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்த வேண்டி வந்தா, அதை யாரும் "எல்லாருக்கும் இப்படித்தான்"னு விடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா நான் பேசினது பாதி பொய்யாயிடும். வீட்டுல நடக்கிற எல்லாச் சண்டைக்கும் ரத்தசோகை காரணம் கிடையாது. குடிச்சுட்டு வந்து கை நீட்டுறவனுக்கு நீங்க தெம்பா இருந்தாலும் ஒண்ணுதான், சோர்ந்திருந்தாலும் ஒண்ணுதான். அதை மாத்திரையால சரிபண்ண முடியாது. அதுக்கு 181 இருக்கு, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு. நம்ம குழுவும் இருக்கு. வெள்ளிக்கிழமை வசூல் முடிஞ்சு நோட்டை மூடினதும் ஓடிப் போகாம, பத்து நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவ முகத்தைப் பாருங்க.

கூட்டமைப்புக்கிட்ட எனக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, உறுப்பினர் கூட்டத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வரலைன்னா, அபராதம் எழுதுறதுக்கு முன்னாடி ஒருத்தர் அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வரணும்னு தீர்மானம் போடுங்க. ரெண்டாவது, வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு குழுவும் மொத்தமா சுகாதார நிலையம் போய் ரத்தம் பார்த்துட்டு வரட்டும். தனியாப் போனா "அவளுக்கு என்ன நோயோ"ன்னு பேசுவாங்க, பதினஞ்சு பேர் சேர்ந்து போனா டூர் போற மாதிரி இருக்கும். டிக்கெட் காசும் வேண்டாம், 2024-லேர்ந்து நம்ம மலையிலயும் சாதாரண அரசு பஸ்ஸுல நமக்கு இலவசம்தானே.

நேரமாச்சுன்னு தலைவி அக்கா கடிகாரத்தைக் காட்டுறாங்க. சாப்பாடு தயாராயிட்டு இருக்கு, கீரைக் கூட்டும் அவரைப் பொரியலும் வாசனை வருது. டீ கேனைச் சாப்பாட்டுப் பந்தியில வைக்க வேண்டாம், மூணு மணிக்குக் கொண்டு வாங்கன்னு சமையல்கார அண்ணன்கிட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அவரைத் திட்டாதீங்க. இலையில எலுமிச்சைத் துண்டு இருக்கும், அதை ஓரமா ஒதுக்கிடாதீங்க.