வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?



கார் பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "வண்டி ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுது, பின்சீட்டில் உட்காரவே முடியலை." வீட்டில் முதுகுவலிக்காரர் ஒருவர் இருந்தால் இந்தப் புகார் சீக்கிரம் வந்துவிடும். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் வராது. ஏனென்றால் ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெடுகிற பொருள் இல்லை. பேட்டரி போனால் வண்டி கிளம்பாது. டயர் பஞ்சரானால் நகராது. ஷாக் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே வண்டியை ஓடவும் விடும். தினமும் ஓட்டுகிறவர் அந்தத் தளர்ச்சிக்குத் தன்னையறியாமல் பழகிவிடுகிறார். ஊரிலிருந்து வந்து ஒரு நாள் ஏறி உட்கார்ந்த சித்தப்பாதான், "என்னப்பா, வண்டி இந்த ஆட்டம் ஆடுது?" என்று கேட்கிறார்.

அந்த ஆட்டத்தை எப்படி நிறுத்துவது, ஷாக்கை எப்போது மாற்றுவது, மாற்றும்போது எதை விட்டுவிடக் கூடாது என்று இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

காரின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் என்று பலர் நினைக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். ஆனால் அதற்கு வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. அமுங்கியது நிமிரும், நிமிர்ந்தது மறுபடி அமுங்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்து ஷாக் இல்லாவிட்டால், ஒரு வேகத்தடையைத் தாண்டிய கார் பல முறை குதித்த பிறகுதான் அடங்கும். அந்தக் குதிப்பை ஓரிரு அசைவுக்குள் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. ஓர் உருளை, அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும் மெல்லிய வால்வுத் தகடுகளும் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கி மறுபக்கம் போக வேண்டும். மருந்து ஏற்றிய சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்த்து நிற்கும் அல்லவா? அதே கதைதான். ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக உதறுகிறதோ, அவ்வளவு பலமாக எண்ணெய் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வேகம் எண்ணெயில் சூடாக மாறி, உருளையின் உலோகம் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மோசமான சாலையில் ஓடி வந்த காரின் நல்ல ஷாக் கதகதவென்று இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், அது சும்மா கூடவே பயணம் செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான கார்களில் ஷாக் அமுங்கும்போது இளக்கமாகவும், விரியும்போது இறுக்கமாகவும் வேலை செய்யும்படி வால்வுகளை அமைத்திருப்பார்கள். மேட்டில் ஏறும் சக்கரத்துக்குச் சற்று வழிவிட வேண்டும். பிறகு ஸ்பிரிங் வண்டியை மேலே எறியாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இந்தக் கணக்குதான் பின்சீட்டில் இருப்பவரின் முதுகுக்கு வரும் சுகம்.

எண்ணெய் விடாமல் கலங்கினால் நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு இருக்காது. அதனால்தான் இப்போது வரும் பல ஷாக்குகளில் எண்ணெயோடு நைட்ரஜன் வாயுவையும் அடைத்து வைக்கிறார்கள். வாயுவின் அழுத்தம் நுரை எழாமல் பார்த்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் ஓடியபின் பிஸ்டன் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, வாயு போய், வால்வுத் தகடுகளும் தளரும். அப்போது ஷாக் உருவத்தில் மட்டும் ஷாக்காக இருக்கும்.

இது சொகுசு விஷயம்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. அவர்களிடம் நான் சொல்வது இது. ஸ்பிரிங் மேல் இருக்கும் காரின் உடல் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும். அதற்குக் கீழே உள்ள சக்கரமோ நொடிக்குப் பத்து முறைக்கு மேல் துடிக்கக்கூடியது. ஷாக் இரண்டையும் அடக்கியாக வேண்டும். உடலின் ஆட்டம் நமக்குத் தெரியும். சக்கரத்தின் துடிப்பு பல நேரம் தெரியாது. அது துடிக்கும்போது டயர் சாலையிலிருந்து நொடிக்குப் பல முறை விடுபடுகிறது அல்லது லேசாகிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக் பிடிக்காது, ஸ்டீரிங்கும் கேட்காது. மழை பெய்த சாலையில், வளைவில், அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது இந்தக் குறை வெளியே வரும். வண்டியில் சுகமும் பாதுகாப்பும் ஒரே உருளைக்குள்தான் இருக்கின்றன.

நம் ஊரில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருக்காது. இரண்டையும் ஒரே தண்டாகக் கோத்திருப்பார்கள். ஸ்ட்ரட் என்று பட்டறையில் சொல்வது அதைத்தான். எர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய காருக்கான வேலையில் இருந்தவர், அந்தத் திட்டம் கைவிடப்பட்டபின் ஃபோர்டுக்குப் போனார். அவர் வடிவமைத்த ஸ்ட்ரட் 1950-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. இடம் குறைவு, செலவும் குறைவு என்பதால் உலகம் முழுதும் சிறு கார்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-இன் முன்சக்கரங்களும் அதில்தான் நின்றன. இன்று இந்தியாவில் ஓடும் வண்டிகளுக்கான ஷாக்குகள் பல இங்கேயே செய்யப்படுகின்றன. 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்கு நம் ஓசூரிலும் ஓர் ஆலை உண்டு.

வரலாறு போதும், வண்டிக்கு வருவோம்.

ஒருமுறை ஓர் இளைஞர் வந்தார். அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வாராவாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். "அண்ணே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பா பல்லைக் கடிக்கிறார். நாலு ஷாக்கையும் மாத்திடுங்க" என்றார். நான் முதலில் எடுத்தது டயர் காற்று பார்க்கும் கேஜ். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டில் 33 என்று போட்டிருந்தது. டயரில் இருந்தது 42. மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ சொல்லிக் கூடுதலாக அடித்திருக்கிறார்கள். காற்றைச் சரியான அளவுக்கு இறக்கியதுமே பாதி உதறல் போய்விட்டது.

பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். முன்பக்க இடது ஸ்ட்ரட்டின் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உருளை முழுக்க எண்ணெய் வடிந்து, அதன்மேல் சாலைப் புழுதி படிந்து கருஞ்சேறாக இருந்தது. லேசான ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இது வழிந்தே இருந்தது. உள்ளே பம்ப் ஸ்டாப்பர் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது உலோகம் உலோகத்தில் இடிக்காமல் தடுப்பது அந்தச் சிறிய துண்டுதான். அந்த இளைஞரின் கையைப் பிடித்து முன்டயரின் மேல் தடவச் சொன்னேன். சுற்றிலும் அலை அலையாக மேடும் குழியும் தட்டுப்பட்டன. ஷாக் செத்த வண்டியின் டயர் அப்படித்தான் தேயும். கண்ணை விட உள்ளங்கைக்கு அது நன்றாகத் தெரியும். பின்பக்க ஷாக் இரண்டும் காய்ந்து, சுத்தமாக, இறுக்கமாக இருந்தன. அவற்றை நாங்கள் தொடவில்லை. முன்னால் இரண்டை மட்டும் மாற்றினோம்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இடது புதிது, வலது பழையது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் முன்னால் மாற்றினால் பின்னாலும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை.

மூலையில் நின்று வண்டியைக் கையால் அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை எல்லோருக்கும் தெரியும். ஓரிரு முறைக்கு மேல் ஆடினால் ஷாக் போய்விட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையால் அமுக்கும் வேகம் வேறு, அறுபதில் போகும்போது பள்ளம் தரும் வேகம் வேறு. அதேபோல, சிறு குழிகளில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் லிங்க் ராடு, அல்லது லோயர் ஆர்மின் புஷ், அல்லது ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங். இவற்றைப் பார்க்காமல் ஷாக்கை மட்டும் மாற்றிப் பணத்தைச் செலவழித்தவர்கள், சத்தம் அப்படியே இருக்கிறதே என்று வருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

மாற்றும்போது நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே. ஸ்ட்ரட்டைப் பிரித்த கையோடு மேல் மவுண்டிங், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், ரப்பர் உறை ஆகியவற்றையும் புதிதாகப் போடுங்கள். சின்னஞ்சிறு கற்களின் அதிர்வு கைக்கும் காலுக்கும் வராமல் காப்பது மேல் மவுண்டிங்கில் உள்ள ரப்பர்தான். பத்து வருஷத்து ரப்பர் கல்லாகியிருக்கும். அதை அப்படியே வைத்துவிட்டுப் புது ஷாக்கில் சுகத்தைத் தேடுவது வீண். எப்படியும் பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுக்கப்பட்டே இருக்கிறது. அதற்கென்று உள்ள கம்ப்ரசரால் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் நடு நட்டைக் கழற்றினால், அது பாய்ந்து முகத்தையோ கையையோ சிதைத்துவிடும். இதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தெரிந்தவர்களும் அவசரத்தில் இரண்டு தவறு செய்வதுண்டு. நட்டை இறுக்கும்போது பிஸ்டன் தண்டு சுற்றுகிறது என்று, பளபளப்பான அந்தத் தண்டைப் பிளையரால் கடித்துப் பிடிப்பார்கள். அதில் விழும் ஒரு கீறல் போதும், ஒவ்வொரு அசைவிலும் ஆயில் சீலை அறுக்கும். புது ஷாக் சில மாதத்தில் ஒழுகும். மற்றொன்று, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை முழுக்க முறுக்கிவிடுவது. வண்டியைத் தரையில் இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், வண்டி விறைப்பாகவே இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரத்தின் மேல் வண்டியின் எடை உட்கார்ந்த பிறகுதான் அவற்றைக் கடைசியாக இறுக்க வேண்டும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

எதை வாங்குவது? சுகம் வேண்டும் என்றால், வண்டி வரும்போது இருந்த அதே வகையை வாங்குங்கள். ஸ்போர்ட்ஸ் என்று விற்கும் விறைப்பான ஷாக் அதிவேகத்தில் வளைவெடுக்க விரும்புகிறவர்களுக்கானது. பழைய ஷாக்கில் எண்ணெய் நிரப்பி ரீகண்டிஷன் செய்து தருகிறார்கள்; விலை குறைவுதான், ஆனால் தேய்ந்த வால்வும் இழந்த வாயுவும் அப்படித் திரும்புவது அரிது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையே செருகும் ரப்பர் வளையங்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கும். ஆட்டத்தை அடக்கும் வேலையை அவற்றால் செய்ய முடியாது. பில் இல்லாமல் கிடைக்கும் மலிவான பெட்டிகளில் போலிகள் உண்டு. பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புது ஷாக் போட்டதும் வண்டி மெத்தென்று மிதக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். முதல் சில நாள் சற்று இறுக்கமாகக்கூடத் தோன்றும். உண்மையான வித்தியாசம் ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பின் தெரியும். பிரேக் போட்டால் மூக்கு குத்தாது, வளைவில் உடல் சாயாது, பள்ளம் ஒரே அடியில் முடிந்துவிடும். இறங்கும்போது உடம்பில் அலுப்பு இருக்காது.

எந்த ஷாக்கும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்றும் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலில் ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கானது. நம் தெருக்களில் சிமென்டால் மேடு கட்டி வைத்திருப்பதில் பல அந்த அகலத்தில் கால்வாசி கூட இருக்காது. அங்கே வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று கேட்பார்கள். எண்பதாயிரம் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. நல்ல நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி அதைத் தாண்டியும் போகும். கிராமத்து மண்சாலையில் ஓடுவது பாதியிலேயே கேட்கும். கணக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த சர்வீசில் சக்கரங்களைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். நான்கு ஷாக்கையும் காட்டச் சொல்லுங்கள், டயரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மாற்றியிருந்தால், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.